இரண்டு அணைகளும் ஒரு கணக்கேடும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகச் செல்லும் சாலை, விதுராவைக் கடந்து கல்லாற்றை அடைகிறது. அங்கிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் பொன்முடி. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரமுள்ள அம்மலையிலும் அதனை அடுத்த மலைகளிலும் ஆண்டுக்கு இருமுறை பெருமழை பெய்கிறது. சூன் மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையை மலையாளிகள் இடவப்பாதி என்பர். ஐப்பசியில் வரும் வடகிழக்குப் பருவமழையைத் துலாவருஷம் என்பர். பங்குனி வெயிலில் மழையின் அடையாளமே இராது. ஆயினும் திருவனந்தபுர நகரத்துக் குழாய்களில் பங்குனியிலும் நீர் வருகிறது.

காரணம், கரமனை ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டுள்ள இரண்டு அணைகள். மேலே காட்டுக்குள் பேப்பாறை அணை. கீழே ஊருக்கு அருகில் அருவிக்கரை அணை. பேப்பாறை பெரிய தேக்கம். மழைக்காலத்து நீரை அது பிடித்து வைக்கிறது. அருவிக்கரை சிறியது, நகருக்கு வேண்டிய நீர் அங்கிருந்துதான் எடுத்துத் தூய்மை செய்து அனுப்பப்படுகிறது. பேப்பாறையிலிருந்து அளந்து திறந்துவிட, அருவிக்கரையிலிருந்து நகரம் குடிக்கிறது. மழை பெய்த அன்றே எல்லா நீரையும் குழாயில் விட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கல்லூரி மாணவர் ஒருவரின் பணமும் இம்மழையைப் போன்றது. மாதச் சம்பளம் பெறுபவருக்கு ஒவ்வொரு மாதமும் ஏறக்குறைய ஒரே அளவு பணம் வரும். மாணவருக்கு அவ்வாறன்று. உதவித்தொகை ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக வரும். அதுவும் எதிர்பார்த்த நாளில் வராது. செலவோ நாள்தோறும் நடக்கும். வருவது பெருக்காகவும் போவது சொட்டுச் சொட்டாகவும் இருப்பதே மாணவர் வரவு செலவின் தனிச்சிக்கல். வரவு செலவுத் திட்டம், சேமிப்பு, முதலீடு ஆகிய மூன்றையும் இந்தச் சிக்கலிலிருந்து பார்க்கத் தொடங்குவதே பொருத்தம்.

மலையடிவாரத்தில் ஒரு கல்விக்கூடம்

பொன்முடி மலையின் அடிவாரத்தில், விதுராவில், இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்துள்ளது. சுருக்கமாக ஐசர் என்பர். இந்தியாவில் உள்ள ஏழு ஐசர்களுள் ஒன்றான இது 2008ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோர் இங்கு ஐந்தாண்டுப் பட்டப்படிப்பில் சேர்கின்றனர். பல மாநில மாணவர்கள் விடுதியில் தங்கிப் பயில்கின்றனர்.

அடிப்படை அறிவியல் பயிலும் மாணவர்களுக்கு நடுவண் அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை இன்ஸ்பயர் என்னும் உதவித்தொகையை வழங்குகிறது. இதன் ஆண்டு மதிப்பு 80,000 ரூபாய். இதில் 60,000 ரூபாய் மாணவர் கைக்கு வருவது. அதாவது மாதத்திற்கு 5,000 என்ற கணக்கு. எஞ்சிய 20,000 ரூபாய் கோடை விடுமுறையில் செய்யும் ஆய்வுப் பணிக்கு உரியது. இது தவிர, குடும்ப வருமான வரம்புக்கு உட்பட்ட மாணவர்களுக்கு நடுவண் அரசு வழங்கும் மற்றோர் உதவித்தொகையும் உண்டு. பட்டப்படிப்பின் முதல் மூன்றாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 12,000 ரூபாய். இத்தகைய தொகைகள் விண்ணப்பமும் மதிப்பெண் சான்றுகளும் சரிபார்க்கப்பட்ட பின்னரே வங்கிக் கணக்கில் சேரும். கணக்கில் ‘மாதம் 5,000’ என்று இருந்தாலும் கைக்கு வரும்போது அது மாதப்பணமாக வருவதில்லை.

ஒரு மாணவியை எண்ணிப் பார்ப்போம். அவருடைய குடும்பம் தென்காசிப் பக்கத்திலிருந்து நெடுமங்காட்டில் குடியேறிய தமிழ்க் குடும்பம். தந்தைக்குச் சிறு தேநீர்க்கடை. தாய் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் உறுப்பினர். மகள் விதுராவில் இரண்டாம் ஆண்டு அறிவியல் மாணவி. கல்விக் கட்டணத்துக்கு வங்கிக் கடன் கிடைத்திருக்கிறது. முதலாண்டு உதவித்தொகை அந்த ஆண்டு முடியும் தறுவாயில்தான் வந்தது. அதுவரை தந்தை கடை வருமானத்திலிருந்தும், தெரிந்தவர்களிடம் கைமாற்று வாங்கியும் விடுதிச் செலவைச் சமாளித்தார். இரண்டாம் ஆண்டில் அவரால் மாதம் 3,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப இயலாது.

இந்நிலையில் 60,000 ரூபாய் வந்து சேர்கிறது. அந்த வீட்டுக்கு ஒரே நாளில் வந்த தொகைகளில் அதுவே மிகப் பெரியது. தாமதமாக வரும் பணத்துக்கு ஒரு மயக்கும் தன்மை உண்டு. அது இல்லாமலேயே ஓராண்டு ஓடிவிட்டதால், அது ‘கூடுதல்’ பணம் போலத் தோன்றும். உண்மையில் அது அடுத்த ஆண்டின் சோறு.

கணக்கேட்டின் பக்கம்

பழைய தமிழ் வணிகர்கள் அன்றாட வரவு செலவை முதலில் நாள்வழியில் எழுதுவர். பின்னர் அதைப் பிரித்துப் பேரேட்டில் ஏற்றுவர். மாணவருக்கும் இவ்விரண்டும் போதும். ஒரு மாதம் நாள்வழி எழுதினால்தான் தம் செலவு என்ன என்பதே தெரியவரும். திட்டம் அதன் பின்னரே. எழுதிப் பாராமல் போடும் திட்டம் பெரும்பாலும் ஆசைப்பட்டியலாகவே முடியும்.

மேற்கூறிய மாணவியின் ஒரு மாதப் பேரேடு இவ்வாறு அமைகிறது என்று கொள்வோம். விடுதி உணவுக்கு 4,000 ரூபாய். ஊருக்கும் நகருக்கும் பேருந்துக்கு 600. கைப்பேசிக் கட்டணம் 300. நூல், படியெடுப்பு ஆகியவற்றுக்கு 400. சோப்பு முதலிய பொருள்களுக்கும் துணி வெளுப்புக்கும் 500. மாலைத் தேநீருக்கும் பலகாரத்துக்கும் 900. ஆக 6,700 ரூபாய். வரவு, வீட்டிலிருந்து 3,000, உதவித்தொகையில் மாதப் பங்கு 5,000, மொத்தம் 8,000. மிச்சம் 1,300.

இப்பட்டியலில் பெரிய செலவு உணவுக் கட்டணம். ஆனால் அது மாணவர் கையில் இல்லை, எல்லாருக்கும் ஒன்று. மாணவர் கையில் இருப்பது கடைசி வரிதான். நாளொன்றுக்கு 30 ரூபாய் என்பது ஒரு தேநீரும் ஒரு வடையும். யாரும் அதைச் செலவாகவே கருதுவதில்லை. மாதத்தில் அது 900 ஆகிறது. மிச்சத் தொகையை அது நெருங்கிவிடுகிறது. தேநீரை நிறுத்த வேண்டும் என்பது இதன் பொருளன்று. நண்பர்களோடு தேநீர் அருந்துவதும் கல்லூரி வாழ்க்கையின் பகுதியே. அதற்கும் ஒரு வரி கொடுத்திருப்பதே இக்கணக்கின் நேர்மை. 2016 முதல் யுபிஐ வழியாகக் கைப்பேசியில் பணம் செலுத்தும் வழக்கம் வந்தபின், பணம் கையை விட்டுப் போவது கண்ணுக்குத் தெரிவதில்லை. பணப்பை மெலிவதைக் காணும் வாய்ப்பு போய்விட்டதால் நாள்வழி முன்னிலும் தேவையாகிறது. ஒரு நன்மையும் உண்டு. ஒவ்வொரு செலவும் கைப்பேசியிலேயே பதிவாகிவிடுவதால், இரவில் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் ஏடு எழுதி முடிந்துவிடும்.

இங்கே சொல் ஒன்றைக் கவனிக்கலாம். வரவு, செலவு, மிச்சம் ஆகிய சொற்கள் தமிழிலும் மலையாளத்திலும் ஏறக்குறைய ஒன்றே. ‘சம்பாத்தியம்’ மட்டும் வேறுபடுகிறது. தமிழில் சம்பாத்தியம் என்றால் ஈட்டிய வருமானம். மலையாளத்தில் அதே சொல்லுக்குச் சேமிப்பு என்பது பொருள்; அஞ்சலகச் சிறுசேமிப்பை அவர்கள் லகு சம்பாத்தியம் என்பர். ‘உன் அப்பாவின் சம்பாத்தியம் எவ்வளவு?’ என்று தமிழர் கேட்பதும் மலையாளி கேட்பதும் வேறு வேறு வினாக்கள். இரு மொழிகளுக்கிடையே வளரும் பிள்ளைகள் விடை சொல்லுமுன் கேட்பவர் யார் என்று பார்த்துக்கொள்வது நல்லது. தமிழில் சேமிப்புக்கு ‘சிறுவாடு’ என்றொரு அழகிய சொல்லும் உண்டு. வீட்டுச் செலவில் பெண்கள் சிறிது சிறிதாக மிச்சம் பிடித்து அரிசிப்பானையிலும் அஞ்சறைப்பெட்டியிலும் சேர்த்து வைக்கும் பணமே சிறுவாடு. ‘முதல்’ என்ற சொல்லும் கருதத்தக்கது. தொடக்கம் என்பதும் வணிகத்தில் இடும் பணம் என்பதும் அதன் பொருள்கள். முதலீடு என்பது முதலை இடுதல்.

பேப்பாறையும் அருவிக்கரையும் இக்கணக்கில் எங்கே வருகின்றன? மாணவி இரண்டு வங்கிக் கணக்குகளை வைத்துக்கொள்ளலாம். உதவித்தொகை வந்து சேரும் கணக்கு பேப்பாறை. அதில் யுபிஐ இணைப்பு வேண்டா. மாதத்தின் முதல் நாளில் 5,000 ரூபாய் அதிலிருந்து இரண்டாம் கணக்குக்குத் தானாகவே செல்லுமாறு வங்கியில் நிலையான ஆணை கொடுத்துவிடலாம். இரண்டாம் கணக்கு அருவிக்கரை. அன்றாடச் செலவு முழுவதும் அதிலிருந்தே. மாதக் கடைசியில் அருவிக்கரை வற்றினால் அது எச்சரிக்கை. பேப்பாறை வற்றினால்தான் ஆபத்து. மனக்கட்டுப்பாட்டை நம்புவதைவிட இத்தகைய ஏற்பாட்டை நம்புவது எளிது. பதினெட்டு வயதில் மனக்கட்டுப்பாடு எல்லா நாளும் கைகொடுப்பதில்லை.

ஊரில் ஓடு மாற்ற வேண்டும்

பணம் வந்த செய்தி வீட்டுக்குத் தெரிந்ததும் ஒரு தேவை எழுகிறது. ஊரில் பாட்டி தனியே வாழும் வீட்டின் கூரை ஒழுகுகிறது. மழைக்குள் ஓடு மாற்ற 20,000 ரூபாய் ஆகும். மகளின் கணக்கில் 60,000 இருக்கிறது. எந்தத் தாய்தான் கேட்காமல் இருப்பார்? எந்த மகள்தான் மறுப்பார்?

வெளியூரில் பிழைக்கும் குடும்பங்கள் அனைத்தும் அறிந்த நெருக்கடி இது. பணத்தைப் பற்றிய நூல்கள் பல, மாணவரைத் தனிமனிதராகவே எண்ணி எழுதப்படுகின்றன. அவருக்குத் தம் செலவும் தம் சேமிப்பும் மட்டுமே இருப்பதாக அவை கருதுகின்றன. தமிழ்க் குடும்பத்தில் அப்படி இல்லை. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளையின் பணத்தில் வீட்டுக்கும் ஓர் உரிமை உண்டு. அவ்வுரிமையைத் தவறென்று சொல்வது அறியாமை. ஆனால் கணக்கு தன் போக்கில்தான் செல்லும்.

20,000 கொடுத்தால் எஞ்சுவது 40,000. வீட்டிலிருந்து வரும் 3,000 போக, மாணவிக்கு மாதம் 3,700 ரூபாய் தேவை. பத்து மாதங்களுக்கு 37,000 ஆகிவிடும். பதினோராம் மாதத் தொடக்கத்தில் கையில் இருப்பது 3,000. அந்த மாதமே 700 ரூபாய் குறையும். பன்னிரண்டாம் மாதத்தில் ஒன்றும் இராது. இரு மாதங்களிலும் சேர்த்துக் குறைவது 4,400 ரூபாய். பெரிய தொகையன்று. ஆயினும் ஆண்டு இறுதியில், தேர்வை ஒட்டிய நாள்களில், அது குறைகிறது. அந்நேரத்தில் தோழியிடம் கைமாற்று, அதை அடைக்கக் கைப்பேசிக் கடன் செயலி, அதன் வட்டி, அதை அடைக்க மற்றொரு செயலி என்று தொடரும் வழி பல மாணவர்களை இழுத்துச் சென்றிருக்கிறது. இருபதாயிரம் ரூபாயில் ஓடு மாறும். நாலாயிரத்து நானூறு ரூபாய்க் குறையில் ஒரு படிப்பு தடுமாறலாம்.

ஆகவே மறுப்பதா கொடுப்பதா என்பதன்று வினா. எங்கிருந்து, எத்தனை மாதத்தில் என்பதே வினா. கணக்கேட்டை விடுமுறையில் வீட்டுக்குக் கொண்டுவந்து, பெற்றோர் முன் விரித்து வைப்பதே மாணவி செய்யத்தக்கது. பதினோராம் மாதம் என்ற சொல்லைத் தந்தை உடனே புரிந்துகொள்வார். கடை நடத்துபவருக்குக் கணக்குத் தெரியும்; மகளின் கணக்குத்தான் அவருக்கு இதுவரை காட்டப்படவில்லை.

சீட்டு என்னும் ஏற்பாடு

இதற்கு ஒரு வழி, சீட்டு. தமிழர் ஏலச்சீட்டு என்பதை மலையாளிகள் சிட்டி என்றும் குறி என்றும் வழங்குவர். கேரள அரசுக்குச் சொந்தமான கே.எஸ்.எஃப்.இ. நிறுவனம் 1969 முதல் சீட்டு நடத்தி வருகிறது. சீட்டுகளை ஒழுங்குபடுத்த 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம் உள்ளது.

அதன் இயக்கம் எளியது. 25 பேர், மாதம் 1,000 ரூபாய், 25 மாதங்கள் என்று ஒரு சீட்டு இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு மாதமும் 25,000 ரூபாய் சேரும். அவசரத் தேவை உள்ளவர் ஏலத்தில் தள்ளிக் கேட்பார். ஒருவர் 5,000 ரூபாய் தள்ளி, 20,000 ரூபாய்க்கு எடுக்கிறார். தள்ளிய 5,000 ரூபாயில் சீட்டு நடத்துபவரின் கழிவு 5 விழுக்காடு, அதாவது 25,000 ரூபாய்க்கு 1,250 ரூபாய். எஞ்சிய 3,750 ரூபாய் 25 பேருக்கும் பங்கிடப்படும், ஆளுக்கு 150. எனவே அடுத்த தவணையில் ஒவ்வொருவரும் 850 ரூபாய் கட்டினால் போதும். சீட்டை முன்னதாக எடுத்தவருக்கு அது கடன். பொறுத்திருந்து கடைசியில் எடுப்பவருக்கு அது சேமிப்பு. ஒரே ஏற்பாடு இருவருக்கும் இருவேறு பணி செய்கிறது. முன்னதாக எடுத்தவர் எஞ்சிய தவணைகளைத் தவறாமல் கட்டுவார் என்பதற்குப் பிணை கேட்பர். அது வழக்கம், அவமதிப்பன்று.

தாய் இத்தகைய சீட்டை எடுத்து ஓடு மாற்றலாம். தவணைக்கு மகள் தம் மிச்சமான 1,300 ரூபாயிலிருந்து மாதம் 500 கொடுக்கலாம். பாட்டியின் கூரைக்கு மகளின் பணமும் சேர்கிறது. ஆனால் பேப்பாறை ஒரே நாளில் திறந்துவிடப்படவில்லை. பதிவு பெறாத சீட்டுகளைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை. தெரிந்தவர், ஊர்க்காரர் என்ற நம்பிக்கையில் நடக்கும் சீட்டு முறிந்தால், பணமும் போகும், உறவும் போகும்.

அடிநீர்

அணையில் எவ்வளவு நீர் குறைந்தாலும் ஒரு மட்டத்துக்குக் கீழே திறப்பதில்லை. கணக்கிலும் அத்தகைய மட்டம் ஒன்று வேண்டும். மீதமுள்ள 800 ரூபாயில் 500 ரூபாயை அதற்கென ஒதுக்கினால் பத்து மாதங்களில் 5,000 ரூபாய் சேரும். ஒரு மாத உணவுக் கட்டணமும், நள்ளிரவில் செய்தி வந்தால் ஊருக்குப் போய்வரும் செலவும் அதில் அடங்கும். காய்ச்சல், உடைந்த மூக்குக் கண்ணாடி, தாமதமாகும் உதவித்தொகை ஆகியவற்றுக்கு உரியது அது. புதிய கைப்பேசிக்கு உரியதன்று. அஞ்சலகத் தொடர் வைப்புக் கணக்கை மாதம் 100 ரூபாயிலேயே தொடங்கலாம். ஆனால் அடிநீர்ப் பணம் வேண்டிய நாளில் உடனே எடுக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பதால் சேமிப்புக் கணக்கே ஏற்றது. அஞ்சலகத்தில் 10 வயது நிறைந்த சிறுவரும் தம் பெயரில் சேமிப்புக் கணக்கை இயக்கலாம். கல்லூரிக்குப் போகும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

பணம் இருக்கும் இடம்

சேமித்த பணம் பத்திரமாக இருக்கிறதா என்ற வினாவைக் கேரளம் கடுமையாகக் கற்றது. திருவிதாங்கூர் நேசனல் அண்டு குயிலான் வங்கி 1938இல் முறிந்தது. பாலாயைத் தலைமையிடமாகக் கொண்ட பாலாய் சென்ட்ரல் வங்கியைக் கலைக்குமாறு 1960 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உயர்நீதிமன்றத்தை நாடியது. கேரளத்தின் மிகப் பெரிய வங்கியாக இருந்த அதில் எளிய மக்கள் பலர் பணம் போட்டிருந்தனர். அவ்வதிர்ச்சியைத் தொடர்ந்தே வைப்புக் காப்பீட்டுக்கான சட்டம் 1961இல் இயற்றப்பட்டு, 1962 சனவரி 1 முதல் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரையே காப்பு இருந்தது. 2020 பிப்ரவரி முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 இலட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு. வங்கி முறிந்தாலும் அத்தொகை திரும்பக் கிடைக்கும். தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களில் இடும் வைப்புக்கு இக்காப்பீடு இல்லை. சில சங்கங்கள் தம் பெயரோடு ‘வங்கி’ என்று சேர்த்துக்கொள்வதால் பலர் இதை அறிவதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்வதே முறை.

தமிழ்நாட்டின் பாடம் வேறு. ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பகுதியில் ஈமுக் கோழி வளர்ப்புத் திட்டங்கள் ஒரு காலத்தில் பெருகின. பணம் கட்டினால் குஞ்சும் தீவனமும் தந்து, மாதந்தோறும் பணமும் தருவதாக அவை விளம்பரம் செய்தன. 2012இல் அவை சரிந்தன. கோழிக்குத் தீவனம் போடவும் ஆளில்லாமல் போயிற்று. அந்தக் கோழிகளை வாங்குவோர் யார், எதற்காக, என்ன விலைக்கு என்று முன்பே வினவியிருந்தால் விடை கிடைத்திருக்காது. விடை கிடைக்காத இடத்தில் வரும் வருமானம், பின்னால் பணம் கட்டுவோரின் முதலிலிருந்தே வருகிறது.

மாணவரைத் தேடி வரும் மற்றொரு வலையும் உண்டு. ‘உன் வங்கிக் கணக்கைச் சில நாள் பயன்படுத்திக்கொள்கிறோம், கமிஷன் தருகிறோம்’ என்பர். மோசடிப் பணம் அக்கணக்கு வழியாகக் கைமாறும். காவல்துறை வந்து நிற்பது கணக்குக்கு உரிய மாணவர் முன்புதான்.

முதலை இடுதல்

எஞ்சியிருப்பது மாதம் 300 ரூபாய், ஆண்டுக்கு 3,600. இதை முதலீடு என்று சொல்ல நகைப்பாகத் தோன்றலாம். பொது வருங்கால வைப்பு நிதி என்னும் அரசுத் திட்டத்தில் ஆண்டுக்கு 500 ரூபாயிலிருந்து இடலாம். 15 ஆண்டுத் திட்டம் அது. 2020 ஏப்ரல் தொடங்கிப் பல ஆண்டுகளாக வட்டி 7.1 விழுக்காடாக நிலைத்தது. ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 3,600 இட்டு, அதே வட்டி நீடிப்பதாகக் கொண்டால், 15 ஆண்டுகளில் இட்டது 54,000. கிடைப்பது ஏறக்குறைய 97,600 ரூபாய். வட்டிக்கும் வட்டி சேர்வதால் வருவது இது. பணம் எத்தனை ஆண்டில் இரட்டிக்கும் என்று அறிய 72ஐ வட்டி விகிதத்தால் வகுக்கலாம். 6 விழுக்காட்டில் 12 ஆண்டு. இத்தாலியரான லூக்கா பாச்சோலி 1494இல் வெளியிட்ட கணித நூலிலேயே இவ்விதி காணப்படுகிறது.

பங்குச் சந்தைக்கு வேறு இயல்பு உண்டு. மும்பைப் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் குறியீடு 2020 சனவரியில் 42,000ஐத் தாண்டியிருந்தது. பெருந்தொற்று அச்சத்தில் மார்ச்சு 23 அன்று 26,000க்கும் கீழே இறங்கியது. அவ்வாண்டு முடிவதற்குள் 47,000ஐக் கடந்தது. மார்ச்சில் விடுதிக் கட்டணம் கட்டப் பங்கை விற்க நேர்ந்தவருக்கு அது பேரிழப்பு. விற்கத் தேவையில்லாதவருக்கு ஒரு செய்தி மட்டுமே. இருவரும் வாங்கிய பங்கு ஒன்றாக இருந்திருக்கலாம். வேறுபாடு அடிநீரில் இருந்தது. அடுத்த ஐந்தாறு ஆண்டுகளுக்குத் தேவைப்படாத பணத்தையே பங்கு சார்ந்த நிதிகளில் இடலாம் என்று சொல்வதன் காரணம் இதுவே.

கைப்பேசியில் நிமிடத்துக்கு நிமிடம் வாங்கி விற்கும் எதிர்கால ஒப்பந்த வணிகம் முதலீடே அன்று. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021–22 முதல் மூன்று நிதியாண்டுகளில் இவ்வகை வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களுள் 93 விழுக்காட்டினர் பணம் இழந்தனர் என்று அது கூறுகிறது. நூறு பேர் எழுதும் தேர்வில் ஏழு பேரே தேறுவர் என்றால், அதற்குக் கட்டணம் கட்டுமுன் யாரும் சற்று நிற்பர்.

விதுராவில் பயிலும் மாணவி முனைவர் பட்ட ஆய்வுக்குச் சென்றால் வரவு மாறும். நடுவண் அரசின் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 சனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். அப்போது வங்கிக் கடனின் தவணையும் தொடங்கிவிடலாம். கணக்கேட்டில் புதிய வரிகள் சேரும். 300 ரூபாய் இட்டுவந்த கணக்கு அப்போதும் நடப்பிலேயே இருக்கும்.

பயிற்சி

1. அம்மாணவி 60,000 ரூபாயிலிருந்து 18,000 ரூபாய்க்குக் கைப்பேசி வாங்குகிறார். மாதம் 3,700 ரூபாய் தேவையெனில் எந்த மாதத்தில் பணம் குறையும்? எவ்வளவு குறையும்?

2. மேற்கண்ட சீட்டில் ஒருவர் 3,750 ரூபாய் தள்ளி எடுத்தால், அடுத்த தவணையில் ஒவ்வொருவரும் கட்ட வேண்டியது எவ்வளவு?

3. சம்பாத்தியம் என்ற சொல்லைத் தமிழ்ப் பொருளில் ஒரு தொடரிலும், மலையாளப் பொருளைச் சுட்டி ஒரு தொடரிலும் அமைக்க. தமிழிலும் மலையாளத்திலும் பொருள் மாறும் வேறு இரண்டு சொற்களை வீட்டில் கேட்டு எழுதுக.

4. உன் வீட்டில் சிறுவாடு சேர்ப்பவர் யார்? எங்கே சேர்ப்பார் என்பதை வெளியிடாமல், எதற்காகச் சேர்க்கிறார் என்பதை மட்டும் பத்து வரிகளில் எழுதுக.

5. ஒரு வாரம் நாள்வழி எழுதி, அதனைப் பேரேட்டில் நான்கு தலைப்புகளில் ஏற்றுக.